இன்டர்வியூ படபடப்பு: என்ன நடக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் சரிசெய்யுங்கள்

பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை இன்டர்வியூ, எடுத்து வருகிறேன். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். நிறையப் பேர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். எதிரே வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பயமா இருக்கு சார்." சரி, பயந்தால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிரிந்து வரும். ஒருவனுக்கு வயிறு கலக்கும். ஒருத்திக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொருவனுக்குப் படித்ததெல்லாம் காணாமல் போகும். மூன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. "தைரியமா இரு" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பி, அதனால் ஒருவருக்குச் சரியானதை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்களுக்கு நடப்பது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் முடிகிற விஷயம் முதலில் இருக்கும். நேரமோ பணமோ கேட்கிற விஷயம் பின்னால் வரும். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு தூக்கம் வரவில்லை

முதலில் காபியைப் பாருங்கள். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

அடுத்து, மனசு எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது கேள்வி பதிலாக இருக்காது. ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்தோமா, ஷர்ட் அயர்ன் ஆகிவிட்டதா, எந்த கேட் வழியாகப் போக வேண்டும், அலாரம் அடிக்காமல் போனால் என்ன செய்வது, இப்படித்தான் ஓடும். இதற்கு மருந்து ஒரு தாளும் பேனாவும். மனசில் ஓடுவதையெல்லாம் அதில் எழுதிவிடுங்கள். ஃபைலை இரவு 8 மணிக்கே அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிடுங்கள். இரண்டு போனில் அலாரம் வையுங்கள். எழுப்பும் பொறுப்பை அம்மாவிடமோ அறைத் தோழரிடமோ ஒப்படையுங்கள்.

படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது படுங்கள். அப்படியும் வராவிட்டால் கலங்க வேண்டாம். ஒரு ராத்திரி சரியாகத் தூங்காத உடம்பு, மறுநாள் காலை அரைமணி நேரப் பேச்சைத் தாங்கும். அடுத்தவர் கொடுக்கும் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். சளிக்குப் போடும் செட்ரிசினைத் தூக்கத்துக்காகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் தலை மந்தமாக இருக்கும், வாயும் உலரும்.

_தெற்கிலிருந்து இரவு பஸ்ஸில் சென்னைக்கு வருகிறீர்களா?_ 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தென்மாவட்ட பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கம், சிறுசேரி சிப்காட்டில் இன்டர்வியூ என்றால் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போக வேண்டும். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர். ஆப்பில் ஆட்டோ போடும்போது பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, காலை எட்டரை மணிக்கு அழாத குறையாக எனக்குப் போன் செய்த பிள்ளைகள் உண்டு. அந்தப் படபடப்பு அன்று முழுக்க இறங்காது. முடிந்தால் முந்தின நாளே வந்து தங்குங்கள். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால், இன்டர்வியூ நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே வந்து சேரும் பஸ்ஸாகப் பாருங்கள்.

_டாக்டரிடம் போக வேண்டிய இடம்:_ இன்டர்வியூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் தூக்கம் கெடுகிறது, அது மாதக்கணக்கில் நீடிக்கிறது என்றால்.

காலையிலிருந்தே வயிறு கலக்குகிறது

வெறும் வயிற்றில் காபி குடித்தீர்களா? நேற்றிரவு புதிய ஊரில் பரோட்டா சால்னா சாப்பிட்டீர்களா? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். முந்தின இரவும் அன்று காலையும் உங்கள் வயிற்றுக்குப் பழகியதை மட்டும் சாப்பிடுங்கள். இட்லி, மோர்சாதம், வாழைப்பழம் போதும். சாப்பிடாமலே போவது தவறு. பசியில் வரும் கை நடுக்கமும் பயத்தில் வரும் நடுக்கமும் ஒன்றுபோலவே இருக்கும், பாதி வழியில் பிரித்துப் பார்க்க முடியாது.

அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ரிசப்ஷனில் முதலில் கழிவறை எங்கே என்று கேட்டு ஒருமுறை போய்வந்துவிடுங்கள். இடம் தெரிந்துவிட்டது என்பதிலேயே பலருக்கு வயிறு அடங்கிவிடும். காய்ச்சல், ரத்தம், விடாத வயிற்றுப்போக்கு இருந்தால் அது பயத்தால் வந்ததில்லை. ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பி வேறு தேதி கேளுங்கள். கேட்டால் கொடுக்கும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தேர்வு, பயணம், கல்யாணம் என்று எது வந்தாலும் மாதக்கணக்கில் இதே கதை என்றால் குடல் சம்பந்தமான டாக்டரைப் பாருங்கள்.

காத்திருக்கும் அறையில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது

வெயிலில் வேகமாக நடந்து, மாடிப்படி ஏறி வந்தீர்களா? அது வெறும் ஓட்டத்தின் படபடப்பு. அதைப் பயம் என்று எண்ணிக்கொண்டால்தான் உண்மையான பயம் தொடங்கும். பத்து நிமிடம் உட்காருங்கள். இதற்காகவே 40 நிமிடம் முன்னதாகப் போகச் சொல்கிறேன். அங்கே டீ, காபி கொடுத்தால் வேண்டாம், தண்ணீர் மட்டும்.

அதற்குப் பிறகும் அடங்கவில்லையென்றால் மூச்சைச் சோதியுங்கள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். நெஞ்சுக் கை மட்டும் வேகமாக ஏறி இறங்குகிறதா? விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் லேசாக மரத்ததுபோல இருக்கிறதா? அப்படியென்றால் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள். இந்த நேரத்தில் "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் மரமரப்பு கூடும். செய்ய வேண்டியது வெளிமூச்சை நீட்டுவது. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மெதுவாக உள்ளே, எட்டு எண்ணும்வரை வெளியே. எட்டு வராவிட்டால் ஆறு போதும். ஐந்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. இதை வீட்டில் ஒரு வாரம் தினமும் பழகியிருந்தால்தான் அன்று கைகொடுக்கும்.

இன்னொரு காரணம், பக்கத்து நாற்காலி. உள்ளே போய்வந்தவர்களைச் சுற்றி நின்று "என்ன கேட்டாங்க, கஷ்டமா இருந்துச்சா" என்று விசாரிக்கும் கூட்டம் எல்லா இடத்திலும் உண்டு. அதைக் கேட்டு உங்களுக்குச் சேரப்போவது படபடப்பு மட்டும்தான். எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுங்கள்.

இவ்வளவு செய்தும் நெஞ்சு அடிக்கிறதா? சரி, அடிக்கட்டும். அமைதியாகிவிட வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். என் பிள்ளைகளிடம் "உடம்பு ரெடி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொள்ளச் சொல்வேன். ஆட்டம் தொடங்கும் முன் கபடி ஆடுகிறவனுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், அதை அவன் நோயாக நினைப்பதில்லை.

_மாத்திரை பற்றி:_ "இதைப் போட்டா படபடப்பே வராது" என்று சீனியர்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் ப்ரோப்ரனலால். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து, நாடித் துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தால் மட்டும் போடுங்கள், அதையும் முதன்முதலாக இன்டர்வியூ அன்று போட்டுப் பார்க்காதீர்கள்.

_டாக்டரிடம் போக வேண்டிய இடம்:_ சும்மா இருக்கும்போதும் படபடக்கிறது, கூடவே எடை குறைகிறது, கை நடுங்குகிறது என்றால் தைராய்டு சோதனை. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் சோதனை. பெண் பிள்ளைகள் ரத்தசோகையைப் பயம் என்று நினைத்து வருடக்கணக்கில் சமாளிக்கிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது மயங்கி விழுந்தால் இன்டர்வியூவை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று, செத்துவிடுவோம் என்கிற அளவுக்குப் பயம் எழுந்து, பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்குகிறது, இது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

உள்ளங்கை வியர்க்கிறது, கை நடுங்குகிறது

இது எளிது. உள்ளே போகும் முன் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவித் துடையுங்கள். ஃபைல் இடது கையில், கைக்குட்டை வலது பாக்கெட்டில். கை குலுக்கத் தயக்கமாக இருந்தால் வணக்கம் சொல்லுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். தாளைக் கையில் பிடித்துக் காட்டாமல் மேசைமேல் வையுங்கள், ஏனென்றால் நடுக்கத்தைப் பெரிதாகக் காட்டுவது தாள்தான்.

பரீட்சை எழுதும்போது தாளே நனைகிற அளவுக்கு எப்போதும் வியர்க்கிறவர்கள் தோல் மருத்துவரைப் பாருங்கள். அது தனி உடல்நிலை, அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சில் தொடங்கிச் சிகிச்சை இருக்கிறது.

வாய் உலர்கிறது, குரல் நடுங்குகிறது

காலையில் எழுந்ததிலிருந்து எவ்வளவு பேசினீர்கள்? விடுதியிலிருந்து தனியாகக் கிளம்பி, பஸ்ஸில் காதில் ஹெட்போனோடு வந்து, நாளின் முதல் வாக்கியத்தையே இன்டர்வியூ அறையில் பேசினால் குரல் உடையத்தான் செய்யும். வீட்டுக்குப் போன் போட்டுப் பத்து நிமிடம் சத்தமாகப் பேசுங்கள். பேசுவதற்கு ஆள் இல்லையென்றால் ஒரு பாட்டை முனகுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் வாயை நனைக்கிற அளவுக்கு அடிக்கடி குடியுங்கள். முதல் வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், நீளமான வாக்கியத்தின் கடைசியில்தான் மூச்சுத் தீர்ந்து குரல் நடுங்கும்.

திக்குவாய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மறைக்கப் போராடுவதுதான் உங்களை அதிகம் களைக்கச் செய்கிறது. உட்கார்ந்ததும் "எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், நேரம் எடுத்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். திக்குவாய்க்குப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரிடம் சில மாதங்கள் போவது நல்ல பலன் தரும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தே இருந்தால் அது காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

கேள்வி கேட்டதும் எல்லாம் மறந்துபோகிறது

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொல்வது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதையே.

முதலில், கேள்வி காதில் சரியாக விழுந்ததா என்று பாருங்கள். பதற்றத்தில் கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டுமே விழும், நாம் அதை வைத்துப் பதில் தேடிக்கொண்டிருப்போம். "இன்னொரு தடவை சொல்ல முடியுமா" என்று கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. கேள்வி புரிந்து பதில் வரவில்லையென்றால் "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் ஐந்து வினாடி, எதிரே இருப்பவர் ரெஸ்யூமைப் புரட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது, மனப்பாடம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு இரண்டு பக்கம் எழுதி உருப்போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை விட்டுப்போனால் மிச்சம் முழுவதும் போய்விடும். சோதிப்பது எளிது. நண்பர் ஒருவரை அதே கேள்வியை வேறு மாதிரி கேட்கச் சொல்லுங்கள்: "ரெஸ்யூமில் இல்லாத ஒன்றைச் சொல்லு." அங்கே நின்றுவிட்டால் கோளாறு மனப்பாடத்தில். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்கு சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஊர், செய்த வேலை ஒன்று, அதில் வந்த சிக்கல், இந்த வேலை ஏன். தினமும் சத்தமாக, ஒவ்வொரு நாளும் வேறு வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்தை மட்டும் வேண்டுமானால் உருப்போடலாம்.

ஒரு பிள்ளை மூன்று வாரம் தொடர்ந்து இதே இடத்தில் நின்றாள். மூன்றாவது வாக்கியத்தில் கண் மேலே போகும், அவ்வளவுதான். ரெஸ்யூமில் போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் என்று ஒரு புராஜெக்ட் இருந்தது. நான்காவது வாரம் வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, "உங்க வீட்டு மோட்டார் எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்டேன். ஐந்து என்றாள். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி வருகிற முறையில் அப்பா டார்ச்சோடு கிணற்றுக்குப் போவதையும், ஒருமுறை பாம்பை மிதிக்க இருந்ததையும், அதற்காகத்தான் இதைச் செய்ததையும் நிற்காமல் பத்து நிமிடம் சொன்னாள். அவளிடம் பதில் எப்போதும் இருந்தது. உருப்போட்ட இங்கிலீஷ் பத்தி அதன்மேல் மூடிபோல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு "உங்களைப் பற்றி" என்று கேட்டால் கிணற்றிலிருந்துதான் தொடங்குவாள்.

மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகள் லேசில் சொல்லமாட்டார்கள். புராஜெக்ட் சொந்தமாகச் செய்ததில்லை, காசு கொடுத்து வாங்கியது. இந்தப் பயம் நியாயமான பயம், மூச்சுப் பயிற்சியால் போகாது. இரண்டு வழிதான். ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடலாம், அல்லது ஒரு வாரம் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கற்றுக்கொண்டு, "குழுவில் என் பங்கு இது" என்று உண்மையைச் சொல்லலாம். பொய்யைக் காக்கும் வேலை இல்லாத மூளைக்குத்தான் மற்றதெல்லாம் ஞாபகம் வரும்.

நான்காவது, பாடம் உண்மையிலேயே தெரியவில்லை. அதற்கு நேரம்தான் விலை. எல்லாவற்றையும் படிக்க முயலாமல், ரெஸ்யூமில் நீங்களே எழுதிய சொற்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி தயார் செய்யுங்கள். தெரியாததைத் "தெரியவில்லை" என்று சொல்லவும் பழகுங்கள்.

இங்கிலீஷ் என்றதும் வாய் அடைத்துக்கொள்கிறது

அதே பதிலைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழிலும் நின்றால் மேலே உள்ள தலைப்புக்குப் போங்கள். தமிழில் சரளமாக வந்தால் சரக்கு இருக்கிறது, வாய்க்குத்தான் பழக்கம் இல்லை. படிப்பதாலும் படம் பார்ப்பதாலும் அந்தப் பழக்கம் வராது. தினமும் 15 நிமிடம் சத்தமாகப் பேசி, போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு மாதம் ஆகும். தமிழில் நினைத்ததை அப்படியே மாற்றாமல், இங்கிலீஷில் சொல்ல முடிந்த சின்ன வாக்கியமாகவே தொடங்குங்கள். கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இதற்கான பயிற்சியும் உண்டு.

தொழிற்சாலை, உற்பத்திப் பிரிவு வேலைகளில் "இதைத் தமிழில் சொல்லட்டுமா" என்று கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள். வாடிக்கையாளரோடு இங்கிலீஷில் பேசும் வேலை என்றால் அது நடக்காது. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்கள் 275 மதிப்பெண்ணுக்கான ஆளுமைத் தேர்வையும், அதாவது இன்டர்வியூவையும், தமிழிலேயே தரலாம். மொழிக்குப் பயந்து அந்தப் பாதையையே விடுகிறவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

வீடியோ இன்டர்வியூவில் மட்டும் தடுமாறுகிறது

திரையில் உங்கள் முகத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருப்பதுதான் முக்கால்வாசி. அதை மறைக்கும் வசதி இருக்கும், மறைத்துவிடுங்கள். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும், போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும், கரண்ட் போனால் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் யோசித்து வையுங்கள்.

ஒருமுறை சொதப்பிய பிறகு இன்டர்வியூவுக்கே போக முடியவில்லை

மெயில் வரும், திறக்கமாட்டார்கள். தேதி தாண்டியதும் நிம்மதியும் குற்ற உணர்வும் சேர்ந்து வரும். இதைச் சோம்பல் என்று வீட்டில் திட்டுவார்கள். சோம்பல் இல்லை. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

முதலில், அன்று நடந்ததை எழுதிப் பாருங்கள். என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் சொன்னீர்கள், எங்கே நின்றது. பத்துக் கேள்வியில் மூன்றில்தான் தடுமாறியிருப்பீர்கள், மனசு பத்தையும் சேர்த்து வைத்திருக்கும். அடுத்து, கிடைத்தாலும் சேரப்போவதில்லை என்கிற வேலை ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து வாருங்கள். கூட ஒருவரை வாசல் வரை அழைத்துப் போங்கள். இப்படி மூன்று முடிந்த பிறகு வேண்டிய இடத்துக்குப் போகலாம்.

சிலருக்குப் பாரம் இன்டர்வியூவில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கல்விக் கடன், அக்கா கல்யாணம், அப்பாவின் உடல்நிலை. இது கிடைத்தே ஆக வேண்டும் என்று போகிறவருக்கு நாக்கு எழாது. கடன் பத்திரத்தை எடுத்துத் தவணை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை அவகாசம் இருக்கும். அந்தத் தேதி தெரிந்ததுமே மூச்சு விட்டவர்கள் உண்டு.

_மனநல மருத்துவரிடம் போக வேண்டிய இடம்:_ இன்டர்வியூ மட்டுமில்லாமல் போன் பேசுவது, கடையில் கேட்டு வாங்குவது, நாலு பேர் நடுவே சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் ஆறு மாதமாகத் தவிர்த்து வருகிறீர்கள் என்றால். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலம்" என்று சொன்னால் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்துபோயிருந்தாலும் காத்திருக்காதீர்கள். 14416, மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். கூப்பிடத் தயக்கமாக இருந்தால், நம்பும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எண்ணை அவரையே அழுத்தித் தரச் சொல்லுங்கள்.